வெயில் ஏறிய இலை

அக்கா,

இன்று காலை வாழைத்தண்டு நறுக்கும்போது அரிவாள்மனை என் கட்டைவிரலைக் கொஞ்சம் பதம் பார்த்துவிட்டது. துணியைச் சுற்றியும் ரத்தம் நிற்கவில்லை. பின்பக்கம் போய், வேலியோரம் நிற்கிற கப்பால் தெர்பாங் செடியில் நாலு இலை பறித்து, உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைக் காயத்தில் பிழிந்தேன். ரத்தம் நிற்பதற்கு முன்னால் வாசனை ஏறிவிட்டது. வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். சாரோங்கை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அலமாக்! செத்த மூட்டைப்பூச்சி நாத்தம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் ஒருதரம் மோந்து பார்க்கிற அந்த முகத்தோடு.

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. இருந்தபோதே வராதது இப்போது மட்டும் எப்படி வரும் என்று நீங்களே சிரிப்பீர்கள். எனக்கோ எழுத வருகிற எழுத்து இது ஒன்றுதான். அதுவும் கடையிலிருந்து பொட்டலம் சுற்றிவந்த பத்திரிகைத் தாள்களைப் பார்த்து அடுப்படியில் நானாகக் கற்றுக்கொண்டது. நாம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசியதெல்லாம் மலாயில். என் மலாயில் பாதி தமிழ். உங்கள் மலாயில் அங்கங்கே கோயில் சமாச்சாரத்துக்கு மட்டும் தமிழ். நீங்கள் சொன்னதை எல்லாம் என் வாய்த் தமிழில் எழுதிவைக்கிறேன். அம்மன் படித்துச் சொல்லட்டும்.

நான் கல்யாணமாகிக் காஜா பேராங் வந்த புதிதில் உங்கள் செட்டி வீட்டு ஆட்களைப் பார்த்துக் குழம்பிப்போனேன். பொட்டு இருக்கிறது, சாமி மாடம் இருக்கிறது, வாசலில் மாவிலை இருக்கிறது. வாயைத் திறந்தால் மலாய். அவரிடம் கேட்டதற்கு, "நம்ம தாத்தா கப்பல் ஏறுறதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே வந்தவங்க. பாஷை போச்சு, பக்தி போகல" என்றார். அதன் அர்த்தம் உங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

முளைப்பாரி என்னிடமிருந்து உங்களுக்கு வந்தது. உங்கள் மகள் மீனாவுக்கு அம்மை போட்டு, கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் கிடந்தாளே, அப்போது நேர்ந்துகொண்டீர்கள். பிள்ளை எழுந்தால் மூன்று வருஷம் அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று. பிள்ளை எழுந்தாள். நீங்கள் வேலியோரம் வந்து நின்று, "தங்கச்சி, வேண்டிக்கிட்டேன். அதை எப்படிப் போடுறதுன்னு தெரியாதே" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

நான் சொல்லச் சொல்ல அப்படியே செய்தீர்கள். பானையின் அடியில் வைக்கோல், அதன் மேல் காய்ந்த சாணித் தூள், அதன் மேல் மண், ஊறிய பச்சைப்பயறும் தட்டைப்பயறும், இருட்டறை, காலை மாலை தண்ணீர் தெளிப்பு, விரதம், வெளியாள் கண் படாமை. ஆனால் ஒரு காரியம் மட்டும் உங்கள் சொந்த யோசனை. ஊறின பயறை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்காக வைக்கோலோடு இரண்டு கைப்பிடி கப்பால் தெர்பாங் இலையைக் கசக்கிப் போட்டீர்கள். அந்த நாற்றத்துக்கு எறும்பு அண்டாது என்றீர்கள். அண்டவில்லைதான். முதல் வருஷம் உங்கள் பானையில் முளை ஒரு முழம் வளர்ந்து, பொன் நிறத்தில் தலை சாய்த்து நின்றது. ஊர்வலத்தில் என் பானையைவிட உங்கள் பானையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

இரண்டாவது வருஷம் ஊரெல்லாம் மெர்டேக்கா பேச்சு, சுதந்திரம் வரப்போகிறதென்று. "எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க, இந்தச் செடி யாரையும் கேக்காம தானா எடுத்துக்கிடுச்சு லா" என்று வேலிக்கு அப்பால் படர்ந்த புதரைக் காட்டிச் சிரித்தீர்கள். அது நம் மண்ணின் செடி இல்லை. மலாயில் கப்பால் தெர்பாங் என்றால் விமானம்; இலையை விரித்தால் விமானம் போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள்; ஜப்பான்காரன் விமானத்திலிருந்து விதை தூவினான் என்பாரும் உண்டு. எப்படி வந்ததோ, காலி மனை எங்கே என்று பார்த்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த வருஷம் மழை மறந்துபோனது. தை முடிந்து மாசி, மாசி முடிந்து பங்குனி, வானம் வெளுத்தே கிடந்தது. உங்கள் கிணற்றில் வாளி தரையை இடித்தது. அதிலும் முளைப்பாரிக்கென்று தண்ணீரைத் தனியாக எடுத்து மூடிவைத்தீர்கள். ஒரு வேளையும் தவறவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் இருட்டறையைத் திறந்து என்னைக் கூப்பிட்டீர்கள். உங்கள் குரலிலேயே தெரிந்துவிட்டது.

பயறு வெடித்திருந்தது. வேர்முனை பழுப்பாகிச் சுருண்டிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாய் விரல் நீளம். நடுவில் வெறும் மண். எறும்பு மட்டும் ஒன்றுகூட இல்லை.

முளைப்பாரி செழித்தால் வீடு செழிக்கும், நொந்தால் வீடு நோகும் என்று எனக்கு என் அம்மா சொன்னதை நானேதான் உங்களுக்குச் சொல்லியிருந்தேன். அந்தப் பேச்சு இப்போது உங்கள் முகத்தில் வந்து நின்றது. கோயிலில் முளைப்பாரி வரிசையை ஒழுங்குபடுத்துகிற பூக்காரம்மா பானையைப் பார்த்தாள். சும்மா போகிறவளா அவள்?

"தமிழே வராத வீட்டுல முளைப்பாரி வருமா? வாய்ல வராதது மண்ணுல வந்துடுமா?"

"உங்க ஆளுங்க கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இவங்க இந்த ஊர்ல அம்மனுக்கு விளக்குப் போட்டவங்க. பாத்துப் பேசுங்க" என்றேன் நான்.

"நான் எங்க பேசுறேன்? பானைதான் பேசுது."

பானையை முந்தானையில்லாத அந்தக் கெபாயாச் சட்டையின் ஓரத்தால் மூடப் பார்த்தீர்கள். அது மூடவில்லை. வரிசையில் நிற்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் மீனாவை வெளியே விடவில்லை. ஒரு தும்மல் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பீர்கள். பிள்ளை வெயிலில் நின்றால் கூப்பிடுவீர்கள், நிழலில் நின்றாலும் கூப்பிடுவீர்கள். "அம்மன் என் கையில இருந்து வாங்க மாட்டேன்னுட்டா. கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேப்பா" என்று ஒரு நாள் மெதுவாகச் சொன்னீர்கள்.

நான் அம்மனை நம்புகிறவள். வெள்ளிக்கிழமை விளக்கு ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் அந்த அம்மன் பானைக்குள் வந்து வேரைச் சுட்டுப்போடுகிறவள் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுக் கணக்கில் ஏதாவது இடித்தால் சாமியையா கேட்போம்? முதலில் எதை எதில் போட்டோம் என்றுதானே பார்ப்போம். "இலை மேலதான் எனக்குச் சந்தேகம்" என்றேன்.

நீங்கள் உடனே கேட்டீர்கள்: "போன வருஷமும் இதே இலைதானே? அதே கைப்பிடி, அதே புதர். அப்ப ஏன் வந்துச்சு? இலை மேல குத்தம் இல்ல, தங்கச்சி. குத்தம் என் மேலதான்."

நீங்கள் மனம் நொந்து கேட்ட கேள்வி, ஆனால் சரியான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் என் சந்தேகம் வெறும் ஆறுதல்தான். அன்றிலிருந்து சோறு வடிக்கும்போதும் சாமி கும்பிடும்போதும் அது என்னோடு வந்தது. அதே இலை. பின்னே எது மாறியது?

பதில் மிளகாயில் கிடைத்தது. சம்பால் அரைத்துக் கொடுத்தீர்கள், நினைவிருக்கிறதா? அவர் ஒரு வாய் போட்டுவிட்டுத் தண்ணீர் சொம்பைத் தேடி ஓடினார். "எத்தனை மிளகா போட்டீங்க?" என்று கேட்டேன். "எப்பவும் போடுறதுதான். தண்ணி காணாத சிலிப்பாடி மிளகா மாமியார் நாக்கு மாதிரி, பாதி போட்டாலே போதும்" என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். தண்ணீர் காணாத மிளகாய்க்கு அப்படியென்றால், தண்ணீர் காணாத இலைக்கு?

அன்று சாயங்காலமே புதர்களைப் பார்க்கப் போனோம். உங்கள் குளிக்கிற இடத்துத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் ஒரு புதர். இலை அகலம், மெதுமெதுவென்று இருந்தது. அதன் அடித்தண்டு வரைக்கும் பொன்னாங்கண்ணி நெருங்கிப் படர்ந்திருந்தது. பின்னால் செம்மண் மேட்டில் இன்னொன்று. நீங்கள் பானைக்கு இலை பறித்தது அதில். சிறுத்த இலை, தடித்த இலை; கசக்கினால் மூக்கில் குத்தியது. அதன் அடியில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் வழித்துவிட்டாற்போல இருந்தது. லாலாங் புல்கூட ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. லாலாங்கையே நிறுத்துகிற செடியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வெயில்ல காஞ்சுதான் அடியில ஒண்ணும் இல்ல" என்றீர்கள்.

"அந்தப் பக்கம் வெறும் மேட்டுல வெயில் இல்லையா? அங்க புல் இருக்கே."

நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள், புதரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு உங்கள் கண்ணில் பயம் இல்லாமல் வேறு ஒன்று தெரிந்தது அப்போதுதான்.

ஆனாலும் இரண்டு இலையையும் பயறோடு போட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் பின்வாங்கினீர்கள். "சாமி காரியத்தைச் சோதிக்கலாமா?" எனக்கும் அந்த நடுக்கம் இல்லாமல் இல்லை. இருந்தும் சொன்னேன். "நேர்ந்த பயறை எடுக்க வேணாம், சமையலுக்கு வச்ச பயறுதானே. அதோட, அம்மன் கையில வேப்பிலை வச்சிருக்கிறவ அக்கா. இலைக்கு இலை குணம் உண்டுன்னு அவளுக்கா தெரியாது?"

அதைக் கேட்டு நீங்கள் சிரித்துவிட்டீர்கள். பால் டின் தேட ஆரம்பித்தீர்கள்.

ஒரு டின்னில் இலையே இல்லை. ஒன்றில் வாய்க்கால் புதரின் இலை. ஒன்றில் மேட்டுப் புதரின் இலை. ஒரே மண், ஒரே பயறு, ஒரே கரண்டித் தண்ணீர். இலையை நான் தராசில் நிறுத்துப் போட்டேன். "காலேஜ் தொறந்துட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று அவர் கேட்டார். "பீஸ் கட்டினா நீங்களும் சேரலாம்" என்றீர்கள் அவரிடம், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

இலை இல்லாத டின் செழித்து வந்தது. வாய்க்கால் இலை கொஞ்சம் பிந்தி, ஆனால் வந்தது. மேட்டு இலை போட்ட டின்னில் அதே பழுப்பு வேர், அதே சுருட்டல். திருவிழாப் பானையைச் சின்னதாக்கி வைத்தாற்போல.

எனக்கு ஆட வேண்டும் போலிருந்தது. நீங்கள் ஆடவிடவில்லை. "அந்த டின் துருப்பிடிச்சது. ஜன்னல் பக்கம் வேற இருந்துச்சு" என்றீர்கள். டின்னை மாற்றி, இடத்தை மாற்றி, மறுபடியும் போடவைத்தீர்கள். உங்களுக்காகத்தான் இத்தனையும்; நீங்களே எனக்கு எதிர்க்கட்சி. மறுபடியும் அதே கதை. அதற்குப் பிறகும் நம்பாமல், "மழை வரட்டும்" என்றீர்கள்.

மழை வந்தது. இரண்டு மூன்று வாரம் மேடு நனைந்து ஊறட்டும் என்று காத்திருந்தோம். அதே செம்மண் மேட்டுப் புதரில் துளிர்த்த புது இலையைப் பறித்துப் போட்டோம். பயறு முளைத்தது, அக்கா. வாய்க்கால் இலைக்கு முளைத்த மாதிரியே, கொஞ்சம் சோம்பலாக, ஆனால் பசுமையாக. நீங்கள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். முளையை ஒவ்வொன்றாக விரலால் தடவினீர்கள்.

"அப்ப அவ என்னைத் தள்ளல."

"தள்ளல."

"செடிக்குத் தாகம். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பிறகு நீங்கள் அழுதீர்கள். மீனா ஓடிவந்து என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, போய் வெயில்ல விளையாடு" என்றீர்கள். பிள்ளை நம்பாமல் நின்று பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தச் செடி ஏன் அப்படிச் செய்கிறது என்று நாம் எத்தனை நாள் வாதாடியிருப்போம்! பஞ்சம் வந்தால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுபோல, தண்ணீர் குறைந்தால் பக்கத்தில் யாரையும் அண்டவிடாமல் மண்ணில் காரத்தை இறக்கிவிடுகிறது என்றேன் நான். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்குக்கே வழியில்ல. எங்க வரிசையில ஒரு வீட்டுக் கதவும் சாத்தல. செடி மனுஷன் இல்ல, தங்கச்சி. செடியைச் செடியாப் பாரு." அன்று எனக்குச் சுருக்கென்றிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றைப் பார்த்தால் உடனே உவமை தேடுகிற என் புத்தி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வேண்டுமென்றே ஊற்றுகிறதா, தாகத்தில் சாறு தானாகச் சுண்டிப்போய் அப்படி ஆகிறதா? எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதில் வெட்கமும் இல்லை.

மூன்றாவது வருஷம், மெர்டேக்கா வந்த பிறகு வந்த முதல் திருவிழா. அப்போதும் வெயில் விடவில்லை. ஒரு இலைகூட வைக்கவில்லை. எறும்புக்காகப் பானையைத் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் செங்கல் மேல் ஏற்றிவைத்தோம். இருட்டறையைத் திறக்கிற அன்று நீங்கள் உள்ளே போகவில்லை. "நீ பாத்துச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். நான் பார்த்தேன். உங்கள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினேன்.

பூக்காரம்மா அந்தப் பானையைச் சுற்றி வந்து பார்த்தாள். "என்ன உரம் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் போடல. அதான் உரம்" என்றீர்கள். அதுவும் தமிழில். எப்போது அந்த வாக்கியத்தைத் தயார் செய்தீர்களோ தெரியாது. மீனா உங்களுக்கு முன்னால் வேப்பிலைக் கொத்தோடு நடந்தாள். நான் உங்கள் பின்னால். வெயிலில் தார் ரோடு சுட்டது. நீங்கள் ஒரு அடிகூட அவசரப்பட்டு வைக்கவில்லை.

நீங்கள் போய் இது முதல் கோடை. மீனா புக்கிட் பாருவிலிருந்து மாப்பிள்ளையோடு வந்து போகிறாள், நன்றாக இருக்கிறாள். அவளுக்கு உங்கள் நடை அப்படியே வந்திருக்கிறது.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டீர்களே. "வெயில் இலையைத் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, அப்புறமா பயறுக்குப் போட்டா? காரம் தண்ணியோட போயிடுமா, இலைக்குள்ளேயே நிக்குமா?" திரும்பி வந்ததும் பார்த்துவிடலாம் என்றேன். நீங்கள் திரும்பி வரவில்லை. எனக்கும் டின்னை எடுக்கக் கை வரவில்லை.

போன வாரம்தான் எடுத்தேன். மேட்டுப் புதரில் இலை பறித்து, நிறுத்து, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டேன். பக்கத்தில் ஊறவைக்காத இலை ஒரு டின், இலையே இல்லாதது ஒரு டின். டின் துருப்பிடித்ததா என்று பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரில் வைக்கவில்லை. இன்று காயத்துக்குச் சாறு பிழிந்துவிட்டு வந்து, கட்டுப் போட்ட விரலோடு மூடியைத் திறந்து பார்த்தேன்.

இலையில்லாத டின் செழித்திருக்கிறது, ஊறவைக்காத இலை போட்டதில் அதே சுருட்டல்; ஊறவைத்த டின்னில் பாதிதான் முளைத்திருக்கிறது, அக்கா. சரியாகப் பாதி. காரத்தில் பாதி தண்ணீரோடு போய்விட்டதா? அல்லது பயறில் பாதி மற்றதைவிடத் தைரியமானதா? நீங்கள் இருந்தால் இதற்கு மேல் ஒரு மூன்றாவது காரணம் சொல்லி என்னை மறுபடியும் போடவைப்பீர்கள். அந்த மூன்றாவது என்னவாக இருக்கும் என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் சாதம் குழைகிறது.